டீப் டிஷ்யூ மசாஜா, பிசியோவா, ஆயாவின் நல்லெண்ணெயா? டர்பனில் உடம்பு வலிக்கு யாரிடம் போவது

தைப்பூசம் முடிந்த வாரத்தில் டர்பனின் சாட்ஸ்வர்த் பக்கம் யாரைப் பார்த்தாலும் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்கள். வெயிலில் மணிக்கணக்காகக் காவடி தூக்கியவர்கள், ரதம் இழுத்தவர்கள், அன்னதானத்துக்கு அண்டா தூக்கியவர்கள் என்று எல்லாருக்கும் ஏதோ ஒரு பிடிப்பு. காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டப் போட்டி முடிந்ததும் இதே பேச்சு தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் மாறும். மற்ற மாதங்களில் அந்த வேலையை அலுவலக நாற்காலியும், என்3 நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளின் இருக்கையும் பார்த்துக்கொள்கின்றன.

அப்புறம் வரும் கேள்வி ஒன்றுதான். டீப் டிஷ்யூ மசாஜுக்குப் போகலாமா, மாலில் இருக்கும் ஸ்பா போதுமா, பிசியோவிடம் போகலாமா, இல்லை பக்கத்துத் தெரு ஆயாவிடம் சுளுக்கு வழித்துக்கொண்டால் சரியாகிவிடுமா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஆட்களில் பலர் "எவ்வளவு பலமாக அழுத்துவார்கள்" என்று கேட்டுத்தான் இடத்தைத் தேர்வு செய்கிறார்கள். கேட்க வேண்டியது அதுவல்ல, "எனக்கு இருப்பது என்ன வகை வலி" என்பதுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் நல்ல கையிடம் போனாலும் காசு வீண்தான்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் வலியின் குணம். தசை வலி மந்தமாகக் குடையும். விரல் வைத்தால் "அங்கேதான், அங்கேதான்" என்று சொல்லத் தோன்றும். வெந்நீர் ஊற்றினால் இளகும், கொஞ்சம் நடந்தால் குறையும். நரம்பு சம்பந்தப்பட்ட வலி வேறு மாதிரி. இடுப்பில் கிளம்பிப் புட்டம் வழியாகப் பாதம் வரை மின்சாரம் மாதிரி ஓடும். மரத்துப்போகும், ஊசி குத்தும். இருமினாலும் தும்மினாலும் சுரீர் என்று இழுக்கும். அடிபட்ட வலியில் வீக்கமும் சூடும் நிறமாற்றமும் இருக்கும். இந்த மூன்றில் முதல் வகைக்குத்தான் மசாஜ் நேரடி மருந்து. மற்ற இரண்டுக்கும் முதலில் யாராவது பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, யாருடைய கை. தென்னாப்பிரிக்காவில் இதற்கு நல்ல ஏற்பாடு இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பிசியோதெரபிஸ்டுகளும் உடற்பயிற்சி மூலம் சரிசெய்யும் பயோகைனெட்டிசிஸ்டுகளும் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். சிகிச்சை மசாஜ் செய்பவர்கள், முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டர்கள், ஆயுர்வேதம் பார்ப்பவர்கள் ஆகியோருக்கு 1982ஆம் ஆண்டின் 63ஆம் எண் சட்டத்தின் கீழ் இயங்கும் அலைட் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சில். ஒருவர் பெயர் இந்தப் பதிவேடுகளில் இருக்கிறதா என்று இணையத்திலேயே தேடிப் பார்த்துவிடலாம். சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ்கள் பத்து இருப்பதைவிடப் பதிவேட்டில் ஒரு பெயர் இருப்பது மேல்.

மூன்றாவது, மொத்தச் செலவு. விலைப்பட்டியலில் இருப்பது அதில் ஒரு பங்குதான். எத்தனை முறை போக வேண்டும், மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) கொடுக்குமா, வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டுமா, அடுத்த நாள் உடம்பு எப்படி இருக்கும் என்பதெல்லாம் அதில் சேரும்.

நான்காவது, பலன் எத்தனை நாள் நிற்கும். இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

## டீப் டிஷ்யூ மசாஜ்

பெயரைக் கேட்டால் ஏதோ எலும்பு வரை தோண்டுவார்கள் என்று தோன்றும். உண்மையில் இது மெதுவான வேலை. மேல்தசைகளுக்கு அடியில் இருக்கும் அடுக்குகளையும், தசைகளைச் சுற்றியிருக்கும் உறையையும் நோக்கி, நிதானமாக, நீண்ட நேரம் அழுத்தம் கொடுப்பதுதான் இதன் முறை. வேகமாகவும் முரட்டுத்தனமாகவும் தேய்ப்பவர் டீப் டிஷ்யூ செய்யவில்லை, முரட்டு மசாஜ் செய்கிறார்.

முதல் முறை போகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், அறுவைச் சிகிச்சை நடந்ததா, சர்க்கரை, ரத்த அழுத்தம், கர்ப்பம் என்று அதில் கேட்டிருக்கும். அதை ஏனோதானோவென்று நிரப்பாதீர்கள். பிறகு எங்கே வலி, எப்போது தொடங்கியது என்று பேசுவார்கள். கழுத்தைத் திருப்பச் சொல்லி, குனியச் சொல்லிப் பார்ப்பவர் நல்ல ஆள். அவர் வெளியே போன பிறகு நீங்கள் உடை மாற்றிக்கொண்டு மேசையில் படுத்து விரிப்பால் மூடிக்கொள்ளலாம். உள்ளாடையைக் கழற்ற வேண்டியதில்லை. வேலை நடக்கும் பகுதியில் மட்டுமே விரிப்பை விலக்குவார்கள். பெண் சிகிச்சையாளர்தான் வேண்டும் என்றால் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடலாம். அம்மாவையோ அத்தையையோ அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. அங்கே போய் நின்றுகொண்டு சங்கடப்பட வேண்டாம்.

குப்புறப் படுத்து, முகத்தை மேசையின் வட்ட ஓட்டையில் வைத்தால் தெரிவது தரையும் சிகிச்சையாளரின் செருப்பும்தான். முதல் சில நிமிடங்கள் உள்ளங்கையால் முதுகு முழுக்கப் பரவலாகத் தடவிச் சூடேற்றுவார்கள். எண்ணெய் கொஞ்சமாகத்தான் போடுவார்கள், நிறையப் போட்டால் கை வழுக்கிவிடும், பிடி கிடைக்காது. பிறகு முன்கை தோளிலிருந்து கீழே நகரும், மிக மெதுவாக. தோள்பட்டை எலும்பின் உள்ஓரத்தில், முதுகெலும்புக்குப் பக்கத்தில், கயிறு மாதிரித் திரண்ட ஓர் இடம் பெரும்பாலோருக்கு இருக்கும். அங்கே வந்ததும் முழங்கை அப்படியே நிற்கும். தேய்க்காது, வெறுமனே நிற்கும். நீங்கள் மூச்சை விடும்போது அழுத்தம் ஒரு படி இறங்கும். அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆன பிறகு அந்த இடம் மெல்ல விட்டுக்கொடுப்பது உங்களுக்கே தெரியும். முதுகெலும்பின் மேலேயே முழங்கையை வைப்பவரிடம் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

இவ்வளவு மெதுவாக நடப்பதால் ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று பகுதிகளைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். "45 நிமிடத்தில் தலை முதல் கால் வரை டீப் டிஷ்யூ" என்று பலகையில் எழுதியிருந்தால் அது சாதாரண மசாஜுக்கு வைத்த பெரிய பெயர், அவ்வளவுதான்.

வலிக்குமா? வலிக்கும், ஆனால் ஓர் எல்லை உண்டு. பூஜ்யம் முதல் பத்து வரை என்று வைத்துக்கொண்டால் ஆறைத் தாண்டவிடாதீர்கள், போனால் ஏழு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால் விரல்களை மடக்கிக்கொண்டு பல்லைக் கடிக்கிறீர்கள் என்றால் தசை தற்காப்புக்காக இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது அவர் உங்கள் தசையோடு மல்லுக்கட்டுகிறார், வேலை நடக்கவில்லை. "கொஞ்சம் குறைங்க" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். காசு கொடுப்பது நாம். நம் ஊர் ஆண்களுக்கு இதில் ஒரு வீம்பு இருக்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் "இன்னும் போடுங்க" என்பார்கள். மறுநாள் கையைத் தூக்க முடியாமல் திரிவார்கள்.

முடிந்த பிறகு ஒன்றிரண்டு நாள் உடம்பு வலிக்கும், முதல் நாள் ஜிம்முக்குப் போய் வந்த மாதிரி. அது சகஜம். நீலம் பாரித்துப்போவது சகஜம் அல்ல. "நல்லா எடுத்திருக்காங்க" என்று அந்தத் தழும்பைக் காட்டிப் பெருமைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தோலுக்கடியில் ரத்தம் கசிந்த காயம், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

விளம்பரங்களில் வரும் இரண்டு கதைகளை இங்கே ஒதுக்கிவிடலாம். மசாஜ் உடம்பிலிருக்கும் நச்சுகளை வெளியேற்றும், அதனால்தான் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறோம் என்பது ஒன்று. கழிவை வெளியேற்றுவது கல்லீரல், சிறுநீரகங்களின் வேலை, முழங்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தாகம் எடுத்தால் தண்ணீர் குடியுங்கள், போதும். இன்னொன்று லாக்டிக் அமிலம். ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் அதை உடம்பே பெரும்பாலும் அகற்றிவிடும். மறுநாள் தொடையில் இருக்கும் வலிக்கு அது காரணமே இல்லை.

"முடிச்சு" என்று எல்லாரும் சொல்வது என்ன? தொட்டால் வலித்து, வேறோர் இடத்துக்கும் வலியைப் பரப்பும் புள்ளிகள் தசைகளில் உண்டு என்ற கருத்தைப் பரவலாக்கியவர் ஜேனட் டிராவெல் என்ற அமெரிக்க மருத்துவர். அதிபர் கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்தவரும் இவர்தான். விரலுக்குத் தட்டுப்படும் அந்த இடத்தில் உள்ளே சரியாக என்ன நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆகவே "முடிச்சை உடைத்துவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம். அங்கே இறுக்கம் தளர்ந்தது, நரம்பு மண்டலம் கொஞ்சம் அமைதியானது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பலன் பற்றி மருத்துவ உலகம் என்ன சொல்கிறது? புதிதாக வந்த இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயலக்கூடியவற்றில் ஒத்தடம் முதலியவற்றோடு மசாஜையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரி (ACP) என்ற மருத்துவர் அமைப்பு 2017இல் சேர்த்தது. நாள்பட்ட இடுப்புவலிக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டியிலும் மசாஜுக்கு இடம் உண்டு, ஆனால் உடற்பயிற்சியும் வலியைப் பற்றிய விளக்கமும் அதோடு சேர்ந்தே வருகின்றன. ஆதாரம் அவ்வளவு வலுவானது அல்ல, பலனும் பெரும்பாலும் குறுகிய காலத்துக்குத்தான். ஆழமாக அழுத்துவதுதான் மென்மையாகச் செய்வதைவிட மேல் என்பதும் நிறுவப்பட்ட விஷயம் அல்ல. மூன்று வாரமாகத் திரும்பாத கழுத்து இரண்டு அமர்வில் திரும்புகிறது என்றால் அது பெரிய காரியம்தான். ஆனால் அந்தக் கழுத்தை அதே நாற்காலியில், அதே உயரத் திரையின் முன்னால் கொண்டுபோய் வைத்தால் மாதம் முடிவதற்குள் பழைய நிலைதான்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் வருகிறது. ஒரு முறை போனால் போதும் என்று நினைத்துப் போவீர்கள், "ஆறு அமர்வு வேண்டும், மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி" என்பார்கள். முதல் இரண்டில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் மூன்றாவதற்குப் போவதில் அர்த்தமில்லை. ஆகவே முன்கூட்டி மொத்தமாகக் கட்டாதீர்கள். மெடிக்கல் எய்ட் விஷயத்தில், பதிவு பெற்ற சிகிச்சை மசாஜ் செய்பவருக்குப் பிராக்டிஸ் எண் (மெடிக்கல் எய்டிடம் பணம் கேட்க வேண்டிய எண்) இருந்தால் சில திட்டங்கள் அந்தத் திட்டத்திலேயே உங்களுக்கு இருக்கும் சேமிப்புக் கணக்கிலிருந்து கொடுக்கும். ஸ்பா ரசீதை நீட்டினால் ஒன்றும் கிடைக்காது. மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டும் கொடுக்கும் மருத்துவமனைத் திட்டம் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் கையிலிருந்தே கட்ட வேண்டியிருக்கும்.

## ஸ்பா மசாஜ்

ஸ்வீடிஷ், சூடான கல், நறுமண எண்ணெய் என்று பெயர்கள் பல. எல்லாம் மேலோட்டமான, நீண்ட, எண்ணெய் வழியும் தடவல்கள். மன அழுத்தம், தூக்கமின்மை, உடம்பெங்கும் லேசான அசதி என்றால் இதுவே போதும். பல பேருக்கு டீப் டிஷ்யூவைவிட இதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். தோளை இறுக்கி வைத்திருப்பது தசையா, வீட்டுக் கவலையா என்று யோசித்தால் விளங்கும். தாய்லாந்து மசாஜ் இதில் சேராது. அங்கே ஆடையோடு பாயில் படுக்கவைத்து இழுத்து, மடக்கி நீட்டுவார்கள். விறைத்துப்போன உடம்புக்கு நல்லது, மூட்டுத் தேய்மானம் இருப்பவர்களுக்கு ஆகாது.

ஸ்பாவில் விலையில் ஒரு பங்கு வெள்ளை அங்கிக்கும், பழச்சாறுக்கும், ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடலுக்கும் போகிறது. கடலோர உம்லாங்கா பக்கம் ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கும் காசு, தனியாகச் சிறிய அறை வைத்து நடத்தும் பதிவு பெற்ற ஒருவரிடம் கொடுப்பதைவிட அதிகமாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பத்து சதவீதம் டிப்ஸ், வெளியே காரைப் பார்த்துக்கொள்பவருக்குச் சில்லறை என்று அதோடு சேரும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பிறந்தநாளுக்கு யாராவது வாங்கிக்கொடுத்த ஸ்பா வவுச்சர் மேசை இழுப்பறையில் கிடக்கிறதா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு கொடுத்து வாங்கிய வவுச்சர் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். "ஆறு மாதத்தில் முடிந்துவிட்டது" என்று சொன்னால் 2008ஆம் ஆண்டுச் சட்டம் என்று ஒரு வார்த்தை போட்டுப் பாருங்கள்.

## பிசியோதெரபி

வலிக்குக் காரணம் தெரியவில்லை, மரமரப்பு இருக்கிறது, அடிபட்டது, அறுவைச் சிகிச்சை நடந்தது, ஆறு வாரத்துக்கு மேலாகிவிட்டது... இதில் ஒன்று இருந்தாலும் பிசியோதான் முதல். இங்கே டாக்டர் சீட்டு இல்லாமலேயே நேராகப் போகலாம். சில மெடிக்கல் எய்ட் திட்டங்கள் மட்டும் பணம் கொடுக்கச் சீட்டைக் கேட்கும், அதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிசியோவும் கையால் அழுத்துவார். ஆனால் அது அமர்வில் ஒரு பகுதிதான். பரிசோதனை, பயிற்சி, எப்படி உட்காருவது, எப்படித் தூக்குவது என்று மீதி நேரம் போகும். சில பேர் மெல்லிய ஊசியை இறுகிய தசையில் குத்தும் முறையையும் செய்வார்கள். நம் ஆட்களுக்கு இதில்தான் ஏமாற்றம். "போய் ஒரு மணி நேரம் ஆயிற்று, பத்து நிமிடம்தான் கை வைத்தார், வீட்டில் செய்யச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார்" என்பார்கள். வலி திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது அந்தத் தாள்தான். ஆனால் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவைத்துவிட்டு மறந்துபோகிறவராக இருந்தால் பிசியோவுக்குக் கொடுத்த காசும் வீண். பிசியோவின் மறைந்திருக்கும் செலவு உங்கள் தினசரிக் கால் மணி நேரம்.

மெடிக்கல் எய்ட் இல்லாதவர்கள் பக்கத்துக் கிளினிக்கில் காட்டி, அங்கிருந்து அரசு மருத்துவமனையின் பிசியோ பிரிவுக்குப் போகலாம். வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம். காத்திருக்க வேண்டியிருக்கும், அதற்குச் சாப்பாட்டு டப்பாவோடு போவது உத்தமம். இன்னொரு வழியும் உண்டு. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கைரோபிராக்டிக் படிக்கும் மூத்த மாணவர்கள், ஆசிரியர்களின் மேற்பார்வையில் பகல்நேரக் கிளினிக்கில் பார்க்கிறார்கள். தனியாரிடம் போவதைவிடச் செலவு குறைவு, விசாரிப்பும் நிதானமாக இருக்கும்.

## ஆயாவின் கை

இதை இளக்காரமாகப் பேச எனக்கு மனமில்லை. சூடாக்கிய நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, கணுக்காலிலிருந்து மேல் நோக்கிக் கட்டைவிரலால் வழித்துவரும் ஆயாக்களின் கையில் உண்மையான தேர்ச்சி இருக்கிறது. எங்கே இறுகியிருக்கிறது என்று அந்த விரலுக்குத் தெரியும். காசும் பெரிதாகக் கேட்பதில்லை, வெற்றிலை பாக்கோடு ஏதோ வைத்துக் கொடுத்தால் சரி. தூக்கத்தில் கழுத்துப் பிடித்துக்கொண்டதா, தோட்டத்தில் மண்வெட்டி பிடித்து முதுகு இசிந்ததா, போய் வாருங்கள்.

ஆனால் மூன்று இடங்களில் வேண்டாம். கால் பிசகி உடனே வீங்கி, ஊன்றவே முடியவில்லை என்றால் எலும்பு முறிந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் வழிக்கக் கூடாது. கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி எடுப்பதும் வேண்டாம், அரிதாகத்தான் என்றாலும் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்துவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. மூன்றாவது, நாரா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டால் நாரா என்று எண்ணெய் போட்டு வயிற்றைப் பிசையும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. வாயுப் பிடிப்புக்கு அது இதமாக இருக்கலாம். ஆனால் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தால் அது குடல்வாலாக இருக்கலாம். அப்போது பிசைந்தால் விபரீதம்.

ஆயுர்வேத எண்ணெய்க் குளியல் பற்றியும் கேட்பார்கள். அது சுகம், தோலுக்கும் நல்லது. குறிப்பிட்ட ஒரு தசைப் பிடிப்பை எடுக்க அது கருவி அல்ல.

## ஒரே பார்வையில்

| | டீப் டிஷ்யூ | ஸ்பா | பிசியோ | ஆயா |
|---|---|---|---|---|
| எதற்கு நல்லது | நாள்பட்ட தசை இறுக்கம் | அசதி, மன அழுத்தம் | காயம், நரம்பு வலி, காரணம் தெரியாத வலி | சின்னச் சுளுக்கு, பிடிப்பு |
| பதிவேடு | உண்டு, சரிபார்க்க வேண்டும் | பெரும்பாலும் பார்க்க முடியாது | உண்டு | இல்லை |
| மெடிக்கல் எய்ட் | சில திட்டங்களில் | இல்லை | பல திட்டங்களில் | இல்லை |
| மறுநாள் | ஒன்றிரண்டு நாள் வலி | சுகம் | லேசான வலி | ஆளைப் பொறுத்து |
| மறைந்த செலவு | தொடர் அமர்வுகள் | டிப்ஸ், அலங்காரம் | வீட்டில் செய்யும் பயிற்சி | தவறாகக் கணித்தால் வரும் விளைவு |

## யார் டீப் டிஷ்யூ பக்கமே போகக் கூடாது

வார்ஃபரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எலும்பு மெலிவு நோய் உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் எல்லாரும் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியாக இருந்தால் ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு இப்படி வந்தால் இன்னும் கவனம். அதை அழுத்தினால் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

சர்க்கரை நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும், நம் குடும்பங்களில் அது இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. பல வருடச் சர்க்கரையில் பாதம் உணர்விழந்துபோயிருந்தால், அழுத்தம் அதிகமா என்று சொல்ல அவர்களாலேயே முடியாது. பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் ஆழமான அழுத்தம் வேண்டாம். மென்மையாகத் தடவினால் போதும். இன்சுலின் போடுகிறவர்கள் மசாஜுக்கு முன்னால் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.

முதுகுவலியோடு இரவில் வியர்வை, எடை குறைதல், விடாத காய்ச்சல் இருந்தால் காசநோய்க்குப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் அது அரிதான நோய் அல்ல, முதுகெலும்பிலும் வரும். சிறுநீர் மலம் கட்டுப்படவில்லை, தொடைகளின் உள்பக்கம் மரத்துவிட்டது, கால் பலமிழக்கிறது என்றால் அது அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய விஷயம். மறுநாள் காலை வரைகூடத் தள்ளிப்போட வேண்டாம்.

## எந்த நேரத்தில் எது

காவடி எடுத்தவர்கள்: அலகு குத்தியிருந்தால் காயம் முழுவதும் ஆறும் வரை முதுகிலும் நெஞ்சிலும் கை படக் கூடாது, எண்ணெயும் வேண்டாம். குத்தாமல் தோளில் தூக்கியவர்களுக்கு முதல் இரண்டு நாள் வெந்நீரும் ஓய்வும். அதற்குப் பிறகும் தோள் இறங்கவில்லை என்றால் டீப் டிஷ்யூ ஒரு முறை நல்ல பலன் தரும்.

காம்ரேட்ஸ் ஓடுகிறவர்கள்: டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் ஓடிய தசை அன்று மாலை நுண்ணிய காயங்களோடு இருக்கிறது. முடிவுக் கோட்டில் கிடைக்கும் மென்மையான தடவல் சரி, முழங்கை வேண்டாம். ஆழமான வேலைக்கு மூன்று நான்கு நாள் கழியட்டும். ஓட்டத்துக்கு முந்திய அந்த வாரத்திலும் வேண்டாம், வலியோடு தொடங்க வேண்டியிருக்கும். பயிற்சி மாதங்களில்தான் இது உண்மையில் உதவும். ஓடி முடித்தபின் சிறுநீர் கோலா நிறத்தில் வந்தால் மசாஜை மறந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

லாரி, டாக்ஸி ஓட்டுகிறவர்கள்: இடுப்பு வலி காலுக்கு இறங்காத வரை டீப் டிஷ்யூ. இறங்கினால் பிசியோ. இருக்கையை மாற்றாமல் இரண்டுமே பாதிப் பலன்தான்.

கணினி முன் உட்காருகிறவர்கள்: கழுத்துக்கு இரண்டு அமர்வு டீப் டிஷ்யூ, அதோடு திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்த நாலு தடித்த புத்தகம். பிரச்சினை பல மாதமாக ஓடுகிறது என்றால் பயோகைனெட்டிசிஸ்டிடம் தசையைப் பலப்படுத்திக்கொள்வது மசாஜைவிட நீடித்து நிற்கும்.

வயதான அப்பா அம்மா: பெரும்பாலும் டீப் டிஷ்யூ தேவையே இல்லை. மென்மையான மசாஜும், மூட்டுக்குப் பிசியோவும்.

## போன் போட்டுக் கேட்க வேண்டியவை

எந்தக் கவுன்சிலில் பதிவு, பிராக்டிஸ் எண் என்ன? ரசீதில் மெடிக்கல் எய்டுக்கு வேண்டிய, நோயைக் குறிக்கும் ஐசிடி-10 குறியீடு போட்டுத் தருவீர்களா? ஒரு மணி நேரத்தில் எத்தனை பகுதி பார்ப்பீர்கள்? ரத்து செய்தால் எவ்வளவு பிடித்துக்கொள்வீர்கள்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், வருவதாகச் சொல்லி வராமல் போனால் முழுக் கட்டணமும் கேட்கும் இடங்கள் உண்டு.

அப்புறம், உங்கள் மாத்திரைப் பட்டியலை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு, "இதற்கு நான் சரிப்பட மாட்டேன், முதலில் டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்பவரின் எண்ணைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். "எந்த வலியாக இருந்தாலும் வாங்க, ஒரே அமர்வில் எடுத்துடலாம்" என்பவரிடம் நன்றி சொல்லிப் போனை வைத்துவிடலாம்.